வயர் போச்சு, பயமும் போயிடுச்சா?

போன பொங்கல் லீவுல என் இடது கை ஆள்காட்டி விரல்ல 3 தையல் போட்டாங்க. காரணம் சொன்னா சிரிப்பீங்க. நான் ஃபைனல் இயர் மெக்கானிக்கல். முதல் வருஷம் வொர்க்‌ஷாப் லேப்ல நல்ல மார்க் வேற. அப்படிப்பட்டவன், அம்மாவுக்குச் சமையல்கட்டுல ஒரு ஷெல்ஃப் மாட்டிக் குடுக்கப் போய், கார்டுலெஸ் டிரில்லால நானே எனக்குப் போட்டுக்கிட்ட காயம் இது.

நடந்தது இதுதான். சுவருல நாலு துளை போட்டு முடிச்சாச்சு. அடுத்து ஸ்குரூ முறுக்கணும், அதனால பிட் மாத்தணும். வலது கையில கைப்பிடி, இடது கையால பிட்டைப் பிடிச்சு இழுக்குறேன். பேட்டரி உள்ளேயேதான் இருக்கு. வலது கை விரல் தெரியாம டிரிக்கர்ல பட்டுச்சு. அவ்ளோதான். ஒரு நொடி கூட ஆகல.

தையல் போட்ட டாக்டர், "என்ன படிக்கிறீங்க தம்பி?"ன்னு கேட்டார். பதில் சொல்லவே கூச்சமா இருந்துச்சு.

அதுக்கப்புறம் ஒரு கேள்வி என்னை விடவே இல்ல. இதே நான், காலேஜ் லேப்ல டிரில்லிங் மிஷினை ஆஃப் பண்ணாம சக் பக்கத்துல கை கொண்டுபோனதே கிடையாது. வீட்டுல ஏன் கொண்டுபோனேன்? யோசிச்சுப் பார்த்தா எனக்குக் கிடைச்ச பதில் ஒண்ணுதான். வயர் இல்ல.

வயர் வெறும் கரண்ட் கொண்டு வர்ற கயிறு இல்லைங்க. அது ஒரு எச்சரிக்கையும் கூட. பிளக்கைச் சொருகும்போதே "இனி இது ஓடும்"னு மனசுக்குத் தெரியும். பிடுங்கும்போது "இனி ஓடாது"ன்னு தெரியும். கார்டுலெஸ்ல அந்த ரெண்டு கட்டமும் காணாமப் போச்சு. பேட்டரி உள்ள இருக்குற வரைக்கும் அது எப்பவுமே சுவிட்ச் போட்ட மிஷின்தான். ஆனா பார்க்க ஒரு பொம்மைத் துப்பாக்கி மாதிரி டேபிள் மேல அமைதியா கிடக்கும். அக்கா பையன் எடுத்து விளையாடுற உயரத்துல.

என் வாதம் இதுதான்: வயர் இருந்தப்ப அது செஞ்ச வேலையை, வயர் போனதுக்கு அப்புறம் நம்ம பழக்கம் செய்யணும். அந்தப் பழக்கத்தை நமக்கு யாருமே கத்துக்குடுக்கல.

"18 வோல்ட் தானே, என்ன பண்ணிடும்?" இதை ஹாஸ்டல்லயே பத்து பேர்கிட்ட கேட்டிருப்பேன். நம்ம ஆளுங்கதான், எல்லாரும் இன்ஜினியரிங். சரி, கணக்கே போட்டுப் பார்ப்போம்.

ஒரு சாதாரண 18 வோல்ட் டிரில்லோட டார்க் 50 நியூட்டன் மீட்டர் பக்கத்துல இருக்கும். கான்கிரீட்டுக்குள்ள கம்பியில பட்டோ, மரத்துல இறுகியோ பிட் நின்னுடுச்சுன்னு வைங்க. மோட்டார் நிக்காது. பிட் சுத்த முடியலன்னா மிஷின் சுத்தும். சக்கோட மையத்துலேர்ந்து 20 சென்டிமீட்டர் தள்ளிக் கைப்பிடி இருந்தா, உங்க மணிக்கட்டு மேல வர்ற விசை 250 நியூட்டன். ஏறக்குறைய 25 கிலோ, ஒரு அரிசி மூட்டை எடை, ஒரே உதறல்ல. சக்குக்குப் பின்னாடி ஒரு வளையத்துல 1, 2, 3ன்னு நம்பர் போட்டிருக்கே, அது கிளட்ச். ஸ்குரூ முறுக்கும்போது சின்ன நம்பர்ல ஆரம்பிச்சா, இறுகினதும் கிளட்ச் டிக் டிக்னு நழுவிடும், கை தப்பிக்கும். சுவருக்குத் துளை போடும்போது கிளட்ச் வேலை செய்யாது. அப்போ பக்கக் கைப்பிடி குடுத்திருந்தா மாட்டி, ரெண்டு கையாலயும் பிடிக்கணும். நான் அந்தக் கைப்பிடியை டப்பாவுலேர்ந்து வெளியவே எடுக்கல.

அடுத்தது ஷாக். "பேட்டரி மிஷின், ஷாக் அடிக்காது" அப்படின்னு ஒரு நம்பிக்கை. மிஷின்ல 18 வோல்ட்தான், ஆனா சுவருக்குள்ள 230 வோல்ட் ஓடுதே! நம்ம வீடுகள்ல சுவிட்ச் போர்டுக்கு நேர் மேல, பெரும்பாலும் சீலிங் வரைக்கும், பைப்புக்குள்ள வயர் போகும். அந்தக் கோட்டுல துளை போட்டா பிட், சக் எல்லாமே இரும்பு. பாடி பிளாஸ்டிக்கா இருந்தாலும் சக்கைத் தொட்டுக்கிட்டிருக்குற கைக்கு அது உதவாது. போர்டுக்கு நேர் மேலயும் கீழயும் துளை போடாதீங்க. சமையல்கட்டு, பாத்ரூம்னா தண்ணி பைப் எங்க போகுதுன்னும் பார்த்துக்கோங்க.

இங்க கார்டுலெஸ்ஸுக்கு ஒரு பெரிய பிளஸ் இருக்கு, அதை நாம யூஸ் பண்றதே இல்ல. வயர் வச்ச டிரில்லுக்குக் கரண்ட் வேணும். இதுக்கு வேண்டாம். அப்போ அந்த ரூம் எம்.சி.பி.யை இறக்கிட்டு, ஜன்னல் வெளிச்சத்துல நிம்மதியா துளை போடலாமே! பத்து நிமிஷம் ஃபேன் ஓடாது, அவ்ளோதான் நஷ்டம்.

இப்போ ஆங்கிள் கிரைண்டர். டைல்ஸ் வெட்ட, கம்பி வெட்டன்னு இதையும் பேட்டரியில விக்கிறாங்க. 100 மில்லிமீட்டர் வீல், நிமிஷத்துக்கு 8,500 சுத்துன்னு வைங்க. விளிம்போட வேகம் மணிக்கு 160 கிலோமீட்டர். 2003 உலகக் கோப்பையில சோயப் அக்தர் போட்ட அந்த ஃபேமஸ் பால் 161.3. வீல் உடைஞ்சா, அந்த வேகத்துல ஒரு துண்டு உங்க முகத்தைப் பார்த்து வரும், அதுவும் ரெண்டடி தூரத்துலேர்ந்து. ஹெல்மெட் போட்ட பேட்ஸ்மேனுக்கே அக்தர்னா பயம். நாம வெறும் கண்ணோட நிக்கிறோம்.

வீல் மேல இருக்குற இரும்புக் கவசத்தை "மறைக்குது"ன்னு கழட்டுறவங்க நிறைய பேர். தயவுசெஞ்சு கழட்டாதீங்க. மரம் அறுக்குற பல் வச்ச பிளேடை கிரைண்டர்ல மாட்டாதீங்க. பல் மரத்துல மாட்டினா மிஷின் உங்களைப் பார்த்து எகிறும். வீல் மேல எழுதியிருக்குற அதிகபட்ச ஆர்.பி.எம்., மிஷினோட ஆர்.பி.எம்.மை விடக் குறைவா இருக்கக் கூடாது. பல கட்டிங் வீல்கள்ல நடு வளையத்துல எக்ஸ்பைரி தேதியே இருக்கும். பால் பாக்கெட்ல பார்க்குறோம்ல, இதுலயும் பார்ப்போம்.

பேட்டரிக்கு வருவோம். உள்ள இருக்குறது லித்தியம் அயான் செல். ஒரு செல் 3.6 வோல்ட், அஞ்சு சேர்த்தா 18. அதே அஞ்சு செல் ஃபுல் சார்ஜ்ல 4.2 வீதம் 21. அதனால 18ன்னு போட்டிருந்தாலும் 21ன்னு போட்டிருந்தாலும் பெரும்பாலும் ஒரே சமாச்சாரம்தான். ஆனா உள்ளங்கை சைஸ் பேக்ல 48, 88ன்னு ஸ்டிக்கர் ஒட்டி ஆஃபர்ல வந்தா, கொஞ்சம் நில்லுங்க. 48 வோல்ட்டுக்கு 13 செல்லாவது வரிசையா வேணும். அந்தக் குட்டி டப்பாவுக்குள்ள 13 எங்க இருக்கும்? நம்பர்லயே பொய் சொல்றவங்க, உள்ள இருக்குற பாதுகாப்பு சர்க்யூட்ல உண்மையா இருப்பாங்கன்னு நான் நம்பல.

18 வோல்ட், 4 ஆம்பியர் ஹவர் பேக்ல 72 வாட் ஹவர். நம்ம 5,000 மில்லி ஆம்பியர் ஹவர் போன் மாதிரி கிட்டத்தட்ட நாலு போன். அதை மெத்தை மேல வச்சு ராத்திரி முழுக்க சார்ஜ் போடாதீங்க. வேலை முடிஞ்ச சூட்டோட சார்ஜ் போடாதீங்க, ஆற விடுங்க. ஆணி, ஸ்குரூ கிடக்குற டப்பாவுலயே பேட்டரியைப் போடாதீங்க, முனை ரெண்டும் ஷார்ட் ஆகும். உப்பிப் போச்சுன்னா அதோட முடிஞ்சுது, குப்பையிலயும் போடக் கூடாது. 2022ல வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள்படி, பழைய பேட்டரியைத் திரும்ப வாங்கி அப்புறப்படுத்துறது தயாரிப்பாளர் பொறுப்பு. கடையில கேளுங்க.

"ஒரு காலண்டர் மாட்ட இவ்ளோ சீனா மச்சி?" என் ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்விதான். எல்லாத்தையும் எல்லா நேரமும் பண்ண முடியாதுன்னே வச்சுப்போம். ஆனா ரெண்டு விஷயத்துக்குக் காசும் ஆகாது, நேரமும் ஆகாது. ஒண்ணு, பிட் மாத்தும்போதும், வேலை முடிஞ்சு கீழ வைக்கும்போதும் பேட்டரியைக் கழட்டுறது. ரெண்டு, டிரிக்கருக்கு மேல இருக்குற முன்னாடி பின்னாடி பட்டனை நடுவுல நிறுத்துறது. நடுவுல இருந்தா டிரிக்கர் அழுங்காது. அந்தப் பட்டனுக்கு மூணாவது நிலை ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தையல் போட்ட அப்புறம்தான் தெரியும்.

சொன்னது யார் தெரியுமா? பக்கத்து வீட்டுல வேலை செஞ்ச கார்பெண்டர் அண்ணன். கட்டைப் பார்த்துட்டு, "தம்பி, பட்டனை நடுவுல வச்சிருந்தா விரல் தப்பிச்சிருக்குமே"ன்னார். இன்னொண்ணும் சொன்னார். "கையில கட்டுன சாமி கயிறு, லுங்கி நுனி, அம்மா முந்தானை, இதெல்லாம் பிட்டுல சிக்குனா சுருட்டிரும். துணி கிளவுஸும் போடாதீங்க." லேப்ல இதையேதான் சொன்னாங்க. ரெக்கார்டு நோட்டுல நானே அழகா எழுதி கையெழுத்தும் வாங்கியிருக்கேன், இங்கிலீஷ்ல. மனப்பாடமா இருந்துச்சு, கைக்கு வரல. அண்ணன்கிட்ட ஒரு கேள்வி கேட்டேன்: "கண்ணாடி ஏன்ணே போடல?" சிரிச்சுக்கிட்டே, "யாரும் வாங்கித் தரல தம்பி"ன்னார்.

அந்தப் பதில்தான் என்னை இதை எழுத வச்சது. என் டிரில்லோட வந்த மேனுவல்ல ஏழெட்டு மொழி இருந்துச்சு, தமிழ் இல்ல. அண்ணனுக்கு அனுபவத்துல வந்த அறிவு இருக்கு, கண்ணாடி இல்ல. எனக்குப் படிச்ச அறிவு இருக்கு, பழக்கம் இல்ல. இந்த ரெண்டையும் சேர்க்குற இடத்துல நாமதான் இருக்கோம். அதனால ஜூனியர்ஸ்கிட்ட ஒரு கோரிக்கை. டெக் ஃபெஸ்ட்ல பத்து ஸ்டால் போடுறோம்ல, ஒண்ணை இதுக்குக் குடுங்க. தமிழ்ல, ஒரே பக்கத்துல, படம் போட்டு ஒரு மேனுவல் தயார் பண்ணி வாட்ஸ்அப்ல அனுப்புவோம். வீட்டுக்கு வேலைக்கு வர்ற அண்ணன்களுக்கு ஒரு பாதுகாப்புக் கண்ணாடி வாங்கிக் குடுப்போம். நாம குடிக்கிற ரெண்டு கோல்ட் காபி காசு கூட ஆகாது.

இதைப் படிச்சுட்டு யாரும் டிரில்லைத் தூக்கிப் பரண்ல போட்டுடாதீங்க. ஒரு ஸ்குரூவுக்கு நாலு நாள் ஆளுக்காகக் காத்திருந்த எங்க அம்மா, இப்போ அவங்களே மாட்டிக்கிறாங்க. அது எவ்ளோ பெரிய விஷயம்!

நம்ம வீடுகள்ல ராத்திரி படுக்கப் போகும்போது ஒரு குரல் வரும்: "சிலிண்டரை ஆஃப் பண்ணியா?" அதுக்கு எந்த லேப்பும் கிடையாது, மார்க்கும் கிடையாது. ஆனா எல்லாருக்கும் கை தானா ரெகுலேட்டர் கிட்ட போகும். இப்போ எங்க வீட்டுல இன்னொரு குரலும் சேர்ந்திருக்கு.

"டேய், பேட்டரியைக் கழட்டிட்டியா?"

உங்க வீட்டுலயும் யாராவது ஒருத்தர் கேட்க ஆரம்பிங்க.