16 ஆயிரம் கொரோனா நோயாளிகளைக் கணக்கில் விட்ட எக்ஸெல் ஃபைல்: பிரிட்டனில் என்ன நடந்தது? நம்ம கம்ப்யூட்டரிலும் நடக்குமா?

2020 அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை. பிரிட்டனில் அன்றைய கொரோனா எண்ணிக்கையைப் பார்த்தவர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெள்ளிக்கிழமை 6,968 என்றிருந்த ஒருநாள் பாதிப்பு, சனிக்கிழமை 12,872 ஆனது. ஞாயிறன்று 22,961. இரண்டே நாளில் மூன்று மடங்குக்கு மேல்!

வைரஸ் திடீரென்று வேகமெடுத்துவிட்டதா? அதுதான் இல்லை. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை தொற்று உறுதியான 15,841 பேர் அரசின் கணக்கில் வராமலேயே இருந்தார்கள். அவர்களை மொத்தமாகச் சேர்த்ததால்தான் இந்தத் தாவல். அவர்கள் விடுபட்டதற்குக் காரணம், நாம் தினமும் ஆபீஸில் பயன்படுத்தும் எக்ஸெல் ஃபைல்.

அப்படி என்னதான் நடந்தது?

பரிசோதனைக் கூடங்கள் முடிவுகளை சிஎஸ்வி என்ற சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாக அனுப்பின. அந்த வகை ஃபைலுக்கு இத்தனை வரிதான் என்ற எல்லை கிடையாது. அதுவரை பிரச்சினை இல்லை.

அப்போது இங்கிலாந்தின் பொது சுகாதாரத்தைக் கவனித்துவந்த 'பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து' அமைப்பு, அந்தத் தகவல்களைத் தானாகவே எக்ஸெல் ஃபைலுக்கு மாற்றும்படி ஓர் ஏற்பாடு செய்திருந்தது. ஆனால், அதற்குப் பயன்படுத்தியது எக்ஸ்எல்எஸ் என்ற பழைய வடிவம். அதில் ஒரு ஷீட்டில் 65,536 வரிகள்தான் இருக்க முடியும். ஒரு நோயாளியின் விவரமே பல வரிகளைப் பிடித்ததால், ஒரு ஃபைலில் சுமார் 1,400 பேருக்குத்தான் இடம் இருந்தது.

தொற்று ஏற ஏற ஃபைல் நிரம்பியது. அதற்கு மேல் வந்தவர்கள் சத்தமில்லாமல் விடுபட்டுப்போனார்கள்.

கல்யாணப் பந்தியில் இலை தீர்ந்துவிட்டால், மிச்சம் பேரை அடுத்த பந்திக்கு உட்காரச் சொல்வோம். இங்கே அவர்களை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டு, எல்லாரும் சாப்பிட்டாச்சு என்று கணக்கு எழுதியதுபோல ஆகிவிட்டது.

அக்டோபர் 2 இரவுதான் தவறு கண்டுபிடிக்கப்பட்டது. தீர்வு ரொம்ப சிம்பிள்: பெரிய ஃபைல்களைச் சின்னச் சின்னதாகப் பிரித்து ஏற்றினார்கள். அதாவது, அடுத்த பந்தி போட்டார்கள்.

வெறும் நம்பர் தப்பானதா?

தொற்று உறுதியான எல்லாருக்கும் அவரவர் முடிவு போய்ச் சேர்ந்திருந்தது. ஆனால், அவர்கள் யார் யாரைச் சந்தித்தார்கள் என்று விசாரித்து, அந்த நபர்களைத் தனிமைப்படுத்தச் சொல்லும் குழுவுக்கு இந்தப் பெயர்கள் போகவே இல்லை. தொடர்பில் இருந்தவர்களுக்கு விஷயமே தெரியாது. அவர்கள் வழக்கம்போல வேலைக்கும் கடைக்கும் போய்வந்தார்கள்.

அக்டோபர் 5-ம் தேதி சுகாதாரத் துறைச் செயலர் மேட் ஹான்காக் நாடாளுமன்றத்தில் விளக்கம் அளித்தபோதும், விடுபட்டவர்களில் 51 சதவீதம் பேரைத்தான் விசாரணைக்குழு தொடர்புகொண்டிருந்தது.

விடுபட்டவர்கள் அதிகம் இருந்த பகுதிகளையும் குறைவாக இருந்த பகுதிகளையும் ஒப்பிட்டு, பொருளாதார நிபுணர்கள் தியமோ ஃபெட்சர், தாமஸ் கிரேபர் ஆகியோர் பிறகு ஆய்வு செய்தார்கள். இந்தத் தாமதத்தோடு தொடர்புடைய கூடுதல் தொற்றுகள் 1,25,000-க்கும் மேல், கூடுதல் மரணங்கள் 1,500-க்கும் மேல் என்பது 2020 நவம்பரில் அவர்கள் வெளியிட்ட மதிப்பீடு. இது தலையெண்ணிச் சொன்ன கணக்கு அல்ல, புள்ளியியல் மதிப்பீடுதான். இருந்தாலும், ஒரு ஃபைல் வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அது காட்டுகிறது.

இப்போதைய எக்ஸெல்லில் எல்லை இல்லையா?

இருக்கிறது. 2007 பதிப்பு முதல் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவத்தில் ஒரு ஷீட்டுக்கு 10,48,576 வரிகள், 16,384 பத்திகள். பிரிட்டனில் சிக்கல் வந்தபோது இந்தப் புதிய வடிவத்துக்கு 13 வயது ஆகியிருந்தது என்பதுதான் வேதனை.

சரி, 10 லட்சம் வரி போதாதா என்று கேட்கலாம். அங்கேதான் இரண்டாவது எல்லை வருகிறது: மெமரி.

எக்ஸெல் ஒரு ஃபைலைத் திறக்கும்போது, அதைக் கம்ப்யூட்டரின் ரேமில் ஏற்றுகிறது. ஒரு ஷீட்டில் மொத்தம் சுமார் 1,718 கோடி செல்கள். ஒரு செல்லுக்கு 20 பைட் என்று வைத்துக்கொண்டாலும் 300 ஜிபிக்கு மேல் ரேம் வேண்டும். வீட்டு லேப்டாப்பில் இருப்பதோ 8 அல்லது 16 ஜிபி. அதனால், வரி எல்லையைத் தொடும் முன்பே பல ஃபைல்கள் மெமரி எல்லையில் முட்டி நின்றுவிடும்.

'ஃபைல் 100 எம்பிதானே, ஏன் திறக்க மாட்டேங்குது?' என்று பலரும் புலம்புவதற்கும் பதில் இதுதான். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்பது சுருக்கிக் கட்டிய ஜிப் பொட்டலம். பிரித்தால் பல மடங்கு விரியும். இதுபோக ஃபார்முலா, கலர், ஃபார்மேட் எல்லாவற்றுக்கும் தனியாக இடம் வேண்டும்.

இன்னொரு சிக்கல்: 32 பிட் எக்ஸெல் என்றால், கம்ப்யூட்டரில் எவ்வளவு ரேம் இருந்தாலும் 2 முதல் 4 ஜிபி வரைதான் அதனால் பயன்படுத்த முடியும். 64 பிட் பதிப்புக்கு அந்தத் தடை இல்லை.

எது ஆபத்து?

மெமரி போதவில்லை என்றால் எக்ஸெல் தொங்கும், இல்லையென்றால் எரர் காட்டும். எரிச்சலாக இருக்கும், ஆனால், ஏதோ தப்பு என்று நமக்குத் தெரிந்துவிடும்.

வரி எல்லை அப்படி அல்ல. பெரிய சிஎஸ்வி ஃபைலைத் திறந்தால், முழுசாக ஏறவில்லை என்று ஒரு மெசேஜ் வரும். அவசரத்தில் ஓகே கொடுத்துவிட்டால், திரையில் தெரியும் ஷீட் முழுமையானதுபோலவே இருக்கும். கூட்டினால் விடையும் வரும். அந்த விடை தப்பாக இருக்கும். அதே பெயரில் சேவ் செய்துவிட்டால், ஏறாமல் போன வரிகள் அந்த ஃபைலில் இருந்தே அழிந்துவிடும். பிரிட்டனில் நடந்ததுபோல வேலை தானாகவே ஓடும் இடத்தில், அந்த மெசேஜைப் பார்க்கக்கூட ஆள் இருக்காது.

நாம் என்ன செய்யலாம்?

* ஒரிஜினல் ஃபைலைத் தொடாதீர்கள். காப்பி எடுத்து, அதில் வேலை செய்யுங்கள்.

* வரிகளை எண்ணுங்கள். அனுப்பியவர் சொன்ன எண்ணிக்கையும் ஷீட்டில் இருப்பதும் ஒன்றா? கடைசி வரி சரியாக 65,536 அல்லது 10,48,576 என்று இருந்தால், தரவு வெட்டுப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

* இன்னும் எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் சேவ் செய்கிறீர்களா? இன்றே மாறுங்கள்.

* 'ஃபைல்' மெனுவில் 'அக்கவுண்ட்' போய் 'அபவுட் எக்ஸெல்' கிளிக் செய்தால் 32 பிட்டா, 64 பிட்டா என்று தெரியும்.

* ஃபைலை நேரடியாகத் திறக்காமல், 'டேட்டா' டேபில் 'கெட் டேட்டா' வழியாக டேட்டா மாடலில் ஏற்றலாம். ஷீட்டின் வரி எல்லை அதற்குப் பொருந்தாது. மெமரி மட்டும் போதுமானதாக இருக்க வேண்டும்.

* கூகுள் ஷீட்ஸ் இதற்குத் தீர்வு அல்ல. அதன் எல்லை மொத்தமே 1 கோடி செல்கள்.

* தினமும் லட்சக்கணக்கில் வரிகள் சேரும் வேலை என்றால், டேட்டாபேஸுக்கு மாறுவதே சரி. எஸ்கியூலைட் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. முழு ஃபைலையும் ரேமில் ஏற்றாமல், தேவையானதை மட்டும் எடுத்துக்கொடுக்கும்.

எக்ஸெல் மோசமான மென்பொருள் என்பதல்ல இதன் அர்த்தம். அதன் எல்லைகளை மைக்ரோசாஃப்ட் மறைத்து வைக்கவும் இல்லை. உள்ளே போனது எத்தனை, வெளியே வந்தது எத்தனை என்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு சின்ன வேலை அந்த ஒரு வாரமும் நடந்திருந்தால், 15,841 பேரும் முதல் நாளிலேயே கண்ணில் பட்டிருப்பார்கள். சம்பளப் பட்டியலோ, வாக்காளர் பட்டியலோ, பரீட்சை மார்க்கோ, ஃபைல் பெரிதாகும்போது முதலில் கூட்டிப் பார்க்காதீர்கள். எண்ணிப் பாருங்கள்.