பெட்டியிலேயே இருந்தது தீர்வு

சென்ற மாதம் 90 வெள்ளிக்கு ஓர் இயர்ஃபோன் வாங்கினேன். பாடகர் குரல் தெளிவாகக் கேட்டது. ஆனால், மிருதங்கத்தின் தொப்பி ஒலி எழவே இல்லை. எம்ஆர்டி ரயிலில் நிலைமை இன்னும் மோசம். இரைச்சலை மீறிக் கேட்க ஒலியைக் கூட்டிக்கொண்டே போனேன். வீடு திரும்பியதும் காதுக்குள் ரீங்காரம்.

கடையில் திருப்பிக் கொடுக்கக் கிளம்பியபோது மகள் கேட்டாள்: “பெட்டியில இருக்கிற மத்த ரப்பர் முனைகளைப் போட்டுப் பார்த்தீங்களாப்பா?”

போட்டதில்லை. இடது காதுக்கு நடுத்தர அளவு பொருந்தியது. வலது காதுக்குப் பெரியது தேவைப்பட்டது. இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லையே!

முனை காதை நன்றாக அடைக்காவிட்டால், முதலில் கசிந்துபோவது கனமான கீழ் ஒலிதான். அதே இடுக்கு வழியே வெளி இரைச்சலும் உள்ளே வரும். சோதிப்பது எளிது. பாட்டு ஓடும்போது இயர்ஃபோனை விரலால் மெல்ல அழுத்துங்கள். தாள ஒலி திடீரெனக் கனத்தால், முனையின் அளவு சரியில்லை.

இதில் இசை மட்டுமல்ல, செவித்திறனும் அடங்கியுள்ளது. 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். தினமும் ஒன்றரை மணி நேரம் ரயிலில் இருக்கும் எனக்கு அது மூன்று நாளில் தீர்ந்துவிடும்.

இப்போதும் அதே இயர்ஃபோன்தான். ஒலியளவு மட்டும் பாதி. விலை கூடியதைத் தேடுமுன், பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள்.