விசிட்டிங் கார்டு இல்லாத டிசைனர்கள்

டிசைன் கருத்தரங்கு என்றால் அழைப்பிதழின் கடைசியில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: 'நெட்வொர்க்கிங் டின்னர்'. காலையில் குத்துவிளக்கு, வரவேற்புரை, பவர்பாயின்ட், நடுவில் டீயும் பிஸ்கட்டும். இதெல்லாம் ஒப்புக்குத்தான். உண்மையான மாநாடு ராத்திரி எட்டு மணிக்கு ஓட்டல் ஹாலில்தான் தொடங்குகிறது. பேஷன் ஷோ முடிந்ததும் விசிட்டிங் கார்டுகள் கை மாறும். யாருக்கு எந்த பையர், எந்த சீசனுக்கு என்ன கலர் என்பதெல்லாம் அங்கேதான் பேச்சாக வரும்.

சாப்பிடுவதில் என்ன தப்பு என்கிறீர்களா? சாப்பிடுவதில் ஒரு தப்பும் இல்லை. யார் சாப்பிடுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் எழுதிய ஒரு கட்டுரை வணிகம் படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். நெருங்கிய நண்பர்களைவிட அரைகுறை அறிமுகம் உள்ளவர்கள் வழியாகத்தான் புது வேலையும் புதுச் செய்தியும் வருகின்றன என்று அவர் காட்டினார். காரணம் எளிமையானது. நம் நண்பனுக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கனவே தெரியும். தூரத்து அறிமுகம்தான் நமக்குத் தெரியாததைக் கொண்டுவருகிறது. அப்படியானால் டின்னர் ஹாலின் கதவு வெறும் சாப்பாட்டுக் கதவு இல்லை, அது வாய்ப்பின் கதவு. இன்னும் பழைய ஆளைக் கேட்டால், ஒரே தொழில் செய்பவர்கள் கேளிக்கைக்காகக் கூடினாலும் பேச்சு விலையை ஏற்றும் சதியில்தான் முடியும் என்று ஆடம் ஸ்மித் 1776-லேயே எச்சரித்துவிட்டார்.

சரி, திருப்பூருக்கு வருவோம். நல்லூர் பக்கம் ஏதாவது ஒரு பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு பையரிடமிருந்து ஒரு படமும் அளவுப் பட்டியலும் வரும். அதை அப்படியே தைத்தால் சட்டை ஆகாது. சிங்கிள் ஜெர்சி துணி துவைத்தால் சுருங்கும், பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்னால் வரும், கழுத்து ரிப் தலையில் நுழையாது. இதையெல்லாம் முன்கூட்டியே கணக்குப் போட்டு, எங்கே அரை இஞ்ச் விட வேண்டும், எங்கே குறைக்க வேண்டும் என்று பேட்டர்ன் மாஸ்டர் முடிவு செய்கிறார். சாம்பிள் டெய்லர் தைத்துப் பார்த்து, "இந்த இடத்தில் இழுக்குது மாஸ்டர்" என்கிறார். பிரித்து மறுபடி வெட்டுகிறார்கள். சில முறை இப்படிச் செய்த பிறகுதான் சாம்பிள் ஓகே ஆகிறது.

இது டிசைன் இல்லாமல் வேறென்ன? படம் வரைந்தவர் டிசைனர், அந்தப் படத்தை உடம்பில் நிற்க வைத்தவர் 'லேபர்' என்றால் அது என்ன கணக்கு?

இவர்கள் மாநாட்டுக்கு வர முடியாததற்குப் பெரிய தடைச் சட்டம் எதுவும் தேவையில்லை. வார நாளில் வைத்தால் போதும், பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு அன்றைய சம்பளம் போச்சு. ராத்திரி வைத்தால் போதும், பெண்கள் வர மாட்டார்கள். தையல், செக்கிங், பேக்கிங் என்று எங்கும் பெண்கள் நிறைந்திருக்கும் ஊரில், எட்டு மணிக்கு மேல் பார் வசதியோடு நடக்கும் கூட்டத்துக்கு எந்த வீட்டில் அனுப்புவார்கள்? எந்த விடுதியில் விடுவார்கள்? பேஷன் படிக்கும் மாணவிகளுக்கும் இதே கதிதான்.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. இந்த ஊரை வளர்த்ததே நெட்வொர்க்தான். 2004-ல் வெளிவந்த ஷரத் சாரியின் 'ஃபிரேட்டர்னல் கேபிடல்' என்ற ஆய்வு நூல் அதைத்தான் சொல்கிறது. விவசாயக் குடும்பங்களிலிருந்து மெஷினில் உட்கார வந்தவர்கள், உழைப்பையும் உறவையும் முதலாக வைத்து முதலாளிகள் ஆனார்கள். அந்த வலைக்குள் சாதியும் ஆண்மையும் இருந்தன, உண்மை. ஆனால் தொழிலாளிக்கு ஏற ஒரு ஏணியாவது இருந்தது. ஏறி வந்தவர்கள் இன்று ஓட்டல் ஹாலுக்குள் நின்றுகொண்டு ஏணியை மேலே இழுத்துக்கொள்வது நியாயமா?

"மாஸ்டர்களைக் கூட்டி வைத்தால் டிசைன் வெளியே போய்விடும், ஆளைத் தட்டிப் போய்விடுவார்கள்" என்று ஒரு பதில் வரும். டெய்லர்கள் கம்பெனி மாறுவது திருப்பூரில் இன்றா நடக்கிறது? சீசனுக்கு என்ன கலர் ஓடுகிறது என்று பேக்கரி பெஞ்சில் பேசாத நாள் உண்டா? ரகசியம் ஏற்கனவே வெளியேதான் இருக்கிறது. மரியாதை மட்டும்தான் உள்ளே பூட்டப்பட்டிருக்கிறது.

மாநாடுகள் மாறவே மாறாது என்பதும் பொய். அமெரிக்காவின் ஆஸ்பென் நகரில் 1951 முதல் நடந்த டிசைன் மாநாட்டை 1970-ல் மாணவர்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் எதிர்த்துக் கேள்வி கேட்டார்கள். மலையடிவாரத்தில் கூடிக் கலைவது போதுமா, சமூகத்துக்கு என்ன பதில் என்று கேட்டார்கள். அடுத்த ஆண்டு மாநாட்டின் வடிவமே மாறியது. நம் நாட்டிலும் 1979 ஜனவரியில் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு பிரகடனம் வந்தது. வளரும் நாடுகளின் டிசைன் உள்ளூர்த் திறனையும் பொருளையும் மரபையும் மதிக்க வேண்டும் என்பது அதன் சாரம். உள்ளூர்த் திறன் என்றால் யார்? கத்தரி பிடித்த கைதானே!

இது வெறும் மரியாதைப் பிரச்சினையும் இல்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீதம் வரி என்றதும் திருப்பூர் எப்படி ஆடியது என்று எல்லோரும் பார்த்தோம். அடுத்தவன் டிசைனைத் தைத்துக் கொடுப்பவனை அடுத்த சீசனில் வேறு நாட்டுக்காரனை வைத்து மாற்றிவிடலாம். சொந்த டிசைன் உள்ளவனை அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது. 1997-ல் ஏற்றுமதியாளர் சங்கம் நல்லூருக்கு அருகில் முதலிபாளையத்தில் பின்னலாடை பேஷன் கல்லூரி தொடங்கியது இதைப் புரிந்துகொண்டதால்தான். ஆனால் கம்ப்யூட்டரில் வரையத் தெரிந்த பிள்ளையும் துணியின் குணம் தெரிந்த மாஸ்டரும் சமமாக உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டாமா?

செய்வது கஷ்டம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பகலில், நல்லூரில் ஒரு கல்யாண மண்டபம். வருபவருக்கு ஒருநாள் சம்பளத்தைக் கம்பெனி கொடுக்கட்டும். பந்தியில் முதலாளியும் மாஸ்டரும் மாணவியும் பக்கத்துப் பக்கத்து இலை. சாம்பிளில் தொங்கும் அட்டையில் பையர் பெயரோடு, பேட்டர்ன் போட்டவர் பெயரும் தைத்தவர் பெயரும் இருக்கட்டும். ஒரு ஓட்டல் டின்னர் செலவில் இதெல்லாம் முடிந்துவிடும்.

முடியாது என்பவர்கள் இனி அதை டிசைன் மாநாடு என்று சொல்லாமல் இருக்கட்டும். முதலாளிகள் விருந்து என்றே அழைப்பிதழ் அடிக்கலாம்.