விலையும் உழைப்பும்

புகைப்படக் கருவியைத் தாங்கும் முக்காலியை வாங்குவோர் பலர், விலை மிக்கதே நெடுநாள் உழைக்கும் என்று நம்புகின்றனர். அந்நம்பிக்கை முழுப் பொய்யன்று, முழு மெய்யுமன்று.

மலிவான முக்காலியில் பெரும்பாலும் முதலில் கெடுவது காலன்று. காலை நீட்டி இறுக்கும் பிளாஸ்டிக் பூட்டேயாகும். தறையாணி அடித்துப் பிணைத்த பூட்டைக் கழற்றுதல் அரிது. ஆதலால் ஒரு பூட்டு உடையின் முக்காலி முழுவதுமே பயனற்றுப் போகும். நன்கு செய்யப்பட்ட முக்காலியிலோ, உறுப்புகளைக் கழற்றித் துடைக்கலாம், தேய்ந்ததை மாற்றலாம். சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்து வாங்கும் இளைஞனுக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

எனினும், மிகுவிலை யாவும் ஆயுளுக்கே தரப்படுவதில்லை. 1990-களில் விற்பனைக்கு வந்த கார்பன் இழை முக்காலிகள் அலுமினிய முக்காலிகளினும் விலை மிக்கவை. அம்மிகுதி பெரும்பாலும் எடைக் குறைவுக்கே உரியது. கடற்கரையில் நிறுத்திய முக்காலியை நன்னீரால் கழுவி உலர்த்தாவிடின், மணலும் உப்பும் விலை பாராது அதன் பூட்டுகளைக் கெடுக்கும்.

ஆகவே, வாங்குவோர் முதலில் நோக்கத்தக்கது விலைச்சீட்டு அன்று. பழுதுற்றால் செப்பனிட இயலுமா என்பதே. செப்பனிடத்தக்க பொருள், பேணத் தெரிந்தவர் கையில் நெடிது உழைக்கும்.