லைலாவின் பக்கம் நிற்பார் யார்?

சிறுவயதில் என்னிடம் ஓதிய இளைஞர் ஒருவர், ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்டு முடித்த கையோடு ஒரு நாள் காலை என் இல்லம் வந்தார். கைபேசியில் ஓர் ஆங்கிலப் பாட்டை ஒலிக்க விட்டு, "ஹஜ்ரத், உலகமெல்லாம் கேட்கும் இந்த ராக் பாட்டு நம்முடைய லைலா மஜ்னூன் கதையிலிருந்து பிறந்தது, தெரியுமா?" என்று பெருமிதத்தோடு கேட்டார். 'நம்முடைய' என்ற சொல்லை அழுத்திச் சொன்னார். இதே பெருமையை நம்மவர் பலர் பேசக் கேட்டிருக்கிறேன். அதனை மறுக்கவே இதை எழுதுகிறேன்.

செய்தி மெய்யே, அதை ஒப்புக்கொள்வோம். 1970ஆம் ஆண்டு அமெரிக்காவின் மயாமி நகரில் 'டெரெக் அண்ட் தி டாமினோஸ்' என்னும் இசைக்குழு 'லைலா' என்ற பாட்டைப் பதிவு செய்தது. அதை ஆக்கியவர்கள் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனும், டிரம்ஸ் வாசித்த ஜிம் கார்டனும் ஆவர். கிளாப்டன் அப்போது தம் நெருங்கிய நண்பரும் பீட்டில்ஸ் குழுவைச் சேர்ந்தவருமான ஜார்ஜ் ஹாரிசனின் மனைவி பேட்டி பாய்ட் மீது மையல் கொண்டிருந்தார். 1967இல் இஸ்லாத்தைத் தழுவி, ஷைகு அப்துல் காதிர் அஸ்ஸூஃபி என்று பின்னாளில் அறியப்பட்ட ஸ்காட்லாந்துக்காரர் இயன் டல்லாஸ், நிஜாமியின் காவியத்தை அவருக்கு அறிமுகம் செய்தார். பாட்டுக்குப் பெயர் கிடைத்தது அதிலிருந்துதான். அதே இசைத்தட்டின் வேறொரு பாட்டில், 1188இல் அக்காவியத்தைப் பாரசீக மொழியில் பாடிய நிஜாமியே பாடலாசிரியருள் ஒருவராகக் குறிக்கப்பட்டிருக்கிறார்.

இவையெல்லாம் சரி. ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டது எதை, விட்டுவிட்டது எதை என்று நாம் எண்ணிப் பார்த்தோமா?

கதையின் அரபு மூலத்துக்குச் செல்வோம். பனூ ஆமிர் குலத்துக் கைஸ் இப்னுல் முலவ்வஹ், உமையாக்கள் காலத்துக் கவிஞர் என்பர். பத்தாம் நூற்றாண்டில் அபுல் ஃபரஜ் அல் இஸ்ஃபஹானீ தொகுத்த 'கிதாபுல் அகானீ' அவரைப் பற்றிய செய்திகளைச் சொல்கிறது. அப்படி ஒருவர் வாழ்ந்ததே இல்லை என்று கூறியவர்களின் சொல்லையும் மறைக்காமல் பதிகிறது. கதை இதுதான்: கைஸ் லைலாவை நேசித்தார். நேசத்தைக் கவிதையாக்கினார். கவிதையில் லைலாவின் பெயரை வைத்தார். பெயர் ஊரெங்கும் பரவியது. ஒரு பெண்ணின் பெயரைப் பாடிப் பரப்பியவனுக்கு அவளை மணமுடித்துத் தருவது அரபு மக்களின் வழக்கமன்று. தந்தை மறுத்தார், லைலா வேறொருவருக்கு மனைவியானாள். கைஸ் பாலைவனத்தில் அலைந்து 'மஜ்னூன்' ஆனார். அதாவது, பித்தர் எனப் பெயர் பெற்றார்.

பாடியதனாலேயே கைஸ் லைலாவை இழந்தார். கதையின் உயிர்நிலை இதுவே. நம் தமிழும் இதை நன்கு அறியும். அன்பின் ஐந்திணையில் தலைவன் தலைவியரின் பெயரைச் சுட்டிச் சொல்லலாகாது என்று தொல்காப்பியர் விதி செய்தார். நஜ்து நாட்டுப் பாலையும் தமிழ்நாட்டுக் குறிஞ்சியும் இந்த ஒன்றில் கருத்தொருமித்தன: பெண்ணின் பெயர் தெருவுக்கு உரியதன்று.

ஆங்கிலப் பாட்டின் செய்தி என்ன? பிறன் மனைவியிடம் விடுக்கும் வேண்டுகோள். வள்ளுவர் இதற்கென்றே 'பிறனில் விழையாமை' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். நிஜாமியின் மஜ்னூனோ, லைலா பிறர் மனை புகுந்தபின் அவ்வீட்டைக் குலைக்க முனையவில்லை. வனவிலங்குகளோடு வாழ்ந்து மடிந்தார். கிளாப்டன் விரும்பியதைப் பெற்றார். ஹாரிசன் தம்பதியர் 1977இல் மணவிலக்குப் பெற்றனர். 1979இல் பேட்டி பாய்டைக் கிளாப்டன் மணந்தார். 1989இல் அம்மணமும் முறிந்தது. பெயர் லைலாவுடையது; கதை லைலாவுடையதன்று.

பேட்டி பாய்ட் 2007இல் தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். அப்பாட்டை முதன்முதல் கேட்டபோது அதன் ஆற்றலில் தாம் நெகிழ்ந்ததை அவர் மறைக்கவில்லை. ஆயினும், இது தம்மைப் பற்றியதுதான் என்று எல்லாரும் கண்டுகொள்வார்களே என்ற அச்சமே அவருக்கு முதலில் எழுந்தது. கோடிக்கணக்கானோர் பாடியவனுக்காக உருகினர். பாடப்பட்டவளின் அச்சத்தைக் கேட்டவர் எத்தனை பேர்?

நான் அந்த இளைஞரிடம், "தம்பி, கதையில் லைலா என்ன ஆனாள்?" என்று கேட்டேன். அவர் தலை குனிந்தார். காரணம் உண்டு. கிருஷ்ணகிரிக்குப் பேருந்தில் சென்று கல்லூரியில் படித்துவந்த நம் சமுதாயப் பெண் ஒருத்தியின் பெயரையும் படத்தையும், இவருடைய தோழர் ஒருவர் காதல் பாட்டோடு சேர்த்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இட்டார். இவர் அதைப் பத்துப் பேருக்கு அனுப்பினார். அப்பெண் அந்தத் தோழரோடு ஒரு சொல்லும் பேசியவளல்லள். மூன்றாம் நாள் அவளுடைய படிப்பு நின்றது. தோழரோ வழக்கம்போல் வேலைக்குப் போய் வருகிறார். உடன் இருப்போர் அவரை 'மஜ்னு' என்று செல்லமாக அழைக்கிறார்கள்!

"இசையே கூடாது என்று அன்றே சொன்னோமே" என்று பெரியவர் சிலர் எழுவர். ஐயா, பாட்டை நிறுத்தினால் அந்தப் பெண்ணுக்குக் கல்லூரி திரும்பக் கிடைக்குமா? குற்றம் கிட்டாரில் இல்லை. பெயரைத் தெருவில் இட்டவன் ஒருவன். தண்டனை பெற்றவள் வேறொருத்தி. இஃது எந்த நீதி? திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம், கற்புடைய பெண் மீது பழி சொல்லி நான்கு சாட்சிகளைக் கொணராதவனுக்குத் தண்டனை விதிக்கிறது. பழி சொல்லப்பட்டவளுக்கு அன்று. அவ்வேதத்தை ஓதும் நாமோ, பேசப்பட்டவளை வீட்டில் அடைத்துவிட்டு, பேசியவனைப் பார்த்து "இளமைத் துடிப்பு" என்று புன்னகைக்கிறோம்.

பெற்றோர்களே, ஜமாஅத் பெருமக்களே! அந்த இளைஞரையும், படத்தைப் பரப்பிய தோழர்களையும் அழைத்துக் கண்டியுங்கள். பெண்ணின் பெற்றோரிடம் அவர்கள் மன்னிப்புக் கேட்கட்டும். அவளை மீண்டும் கல்லூரிக்கு அனுப்புங்கள். என்னிடம் வந்த இளைஞர் முதல் ஆளாய்ச் சென்று மன்னிப்புக் கேட்பதாக வாக்களித்திருக்கிறார். அவரோடு நானும் செல்வேன். ஓதிக் கொடுத்தவன் என்ற முறையில் அந்தப் பிழையில் எனக்கும் பங்கு உண்டு.

லைலா நம்முடையவள் என்று பெருமை பேசுவதை அதன் பிறகு வைத்துக்கொள்வோம்.