வயலுக்கு வரும் மெக்கானிக் கொள்ளையடிக்கிறாரா?

குறுவைக்குச் சேறடிக்கும் நாட்களில் காவிரி டெல்டாவின் டீக்கடைகளில் ஒரு புகார் தவறாமல் எழும். வயலுக்கே வந்து டிராக்டரைப் பழுது பார்க்கும் மெக்கானிக்குகள் வாய்க்கு வந்ததைக் கேட்கிறார்கள். பைக்கில் வந்து இறங்கினாலே ஐந்நூறு, கை வைத்தால் ஆயிரம். வண்டியை டவுன் பட்டறைக்குக் கொண்டுபோனால் பாதிக் காசு மிச்சம் என்பார்கள். இந்தக் கணக்கில் மெக்கானிக் வாங்கும் பணம் மட்டுமே இருக்கிறது. வண்டி நின்றுபோன நேரத்துக்கு அதில் விலையே போடவில்லை.

போட்டுப் பார்க்கலாம். தமிழக வேளாண்மைப் பொறியியல் துறை உழவு டிராக்டருக்கு வாங்கும் வாடகை மணிக்கு 500 ரூபாய். அந்த அரசு விலையிலேயே நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடும் வண்டி ஒரு நாள் நின்றால் 4,000 ரூபாய் வரவு போகிறது. டீசலுக்கும் டிரைவர் கூலிக்கும் பாதியைக் கழித்தாலும் மிஞ்சுவது 2,000. டீக்கடைக் கணக்கின் ஆயிரத்து ஐந்நூறை வாங்கிக்கொண்டு அன்று மதியமே வண்டியை ஓடவிடும் மெக்கானிக், அந்த இழப்பைத்தான் தடுத்துக் கொடுக்கிறார்.

சொந்த நிலத்தை மட்டும் உழுபவருக்கு வாடகை இழப்பு இல்லையே என்று கேட்கலாம். அவருடைய இழப்பு வேறு வகை. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து, வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது, நம் முறை வரும் நாளில் வண்டி பட்டறையில் நின்றால் தண்ணீர் காத்திருக்காது. நாற்றும் காத்திருக்காது. குறுகிய கால ரகங்களின் நாற்றை 20 முதல் 25 நாளுக்குள் பறித்து நட்டாக வேண்டும். வயது ஏறினால் தூர் குறையும், தூர் குறைந்தால் நெல் குறையும். அந்த நஷ்டத்துக்கு யாரும் பில் போட்டுத் தருவதில்லை என்பதால் அது கண்ணில் படுவதில்லை.

பட்டறைக்குக் கொண்டுபோவது மலிவு என்பவர்கள், கொண்டுபோகிற செலவை மறந்துவிடுகிறார்கள். சேற்றில் இறங்கிய வண்டியில் பெரும்பாலும் ரப்பர் டயரைக் கழற்றிவிட்டுக் கேஜ் வீல் மாட்டியிருப்பார்கள். இரும்புச் சக்கரத்தோடு தார்ச்சாலையில் ஏறினால் சாலை கிழியும், பிடித்தால் அபராதம். ஆகவே சேற்றிலிருந்து வெளியே இழுக்க இன்னொரு டிராக்டர், சக்கரம் மாற்ற ஆள், பிறகு சாலையில் கட்டி இழுக்கும் பயணம், திரும்பி வந்ததும் அதே சக்கரங்களை மறுபடி மாற்றும் வேலை. ஏறக்குறைய இரண்டு டன் எடையுள்ள வண்டியை இப்படி அலைக்கழிப்பதற்குள் மெக்கானிக்கின் வந்துபோகும் செலவு பலமுறை கரைந்துவிடும்.

பட்டறையில்தான் முடியும் என்கிற வேலைகள் உண்டு. டீசல் பம்பை மெஷினில் வைத்துச் சரிபார்ப்பதும் கிராங்க் கடைவதும் வயலில் நடக்காது. நல்ல மெக்கானிக் என்ன செய்கிறார்? பம்பை மட்டும் கழற்றிப் பைக்கில் வைத்து எடுத்துப் போகிறார். வண்டி வரப்போரத்திலேயே நிற்கிறது. கிளட்ச் பிளேட் மாற்ற வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். அதைக்கூடக் கெட்டித் தரையும் ஜாக்கியும் இருந்தால் களத்து மரத்தடியிலேயே முடித்துவிடுகிறார்கள்.

“பத்து நிமிஷ வேலைக்கு இவ்வளவா?” என்பது அடுத்த குறை. டீசல் லைனில் காற்று பிடித்த வண்டியை எடுத்துக்கொள்வோம். ஃபில்டரில் தொடங்கி, பம்பு, நாசில் பைப் என வரிசையாகத் தளர்த்திக் காற்றை வெளியேற்றினால் வண்டி கிளம்பிவிடும். பத்து நிமிடம்தான். அந்த வரிசை தெரியாதவர் செல்ஃபை அடித்துக்கொண்டே இருப்பார். பேட்டரி இறங்கும், மோட்டாரும் புகையும். தவிர, காற்று எந்த வழியாகப் புகுந்தது, தேய்ந்த வாஷரா விரிசல் விட்ட பைப்பா என்று கண்டுபிடிப்பவர்தான் அடுத்த நாளும் வண்டி நிற்காமல் பார்த்துக்கொள்கிறார். கூலி அதற்கு.

போலி உதிரிபாகத்தை மாட்டி அசல் விலை வாங்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டைத் தள்ளிவிட முடியாது. அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். பட்டறையிலும் இருக்கிறார்கள். வயலில் உரிமையாளர் பக்கத்திலேயே நிற்பதால் கண்காணிப்பது எளிது: சாமானைத் தாமே கடையில் பில்லோடு வாங்கலாம், கழற்றிய பழையதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம், வந்துபோகும் செலவையும் கூலியையும் போனிலேயே தனித்தனியாகப் பேசிக்கொள்ளலாம். உத்தரவாதக் காலத்தில் உள்ள புது வண்டிக்கு மட்டும் கம்பெனி ஆளையே கூப்பிட வேண்டும். அங்கே வெளி ஆள் கைவைத்தால் உத்தரவாதம் சிக்கலாகும்.

உண்மையில் கவலைப்பட வேண்டிய செலவு வேறு இடத்திலிருந்து வருகிறது. 2023 ஜனவரி முதல் இந்தியாவில் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு ட்ரெம்-4 புகை விதி நடைமுறைக்கு வந்தது. அதற்காக எலெக்ட்ரானிக் கட்டுப்பாட்டில் இயங்கும் டீசல் அமைப்புகள் நுழைந்துவிட்டன. அவற்றின் பழுதை ஸ்பேனர் சொல்லாது, ஸ்கேனர்தான் சொல்லும். இங்கே விற்பதில் பெரும்பகுதி 50-க்கு உட்பட்ட வண்டிகள் என்பதால் ஊர் மெக்கானிக்கின் கை இன்னும் ஓங்கியிருக்கிறது. அது எத்தனை காலத்துக்கு என்பதே கேள்வி.

அமெரிக்க விவசாயிகள் அந்தக் கட்டத்தை முன்பே கண்டுவிட்டார்கள். பழுதுநீக்கும் மென்பொருளை டிராக்டர் கம்பெனிகளும் அவற்றின் டீலர்களும் தங்கள் கையில் வைத்துக்கொண்டதால், வெளி மெக்கானிக்கால் பல வேலைகளை முடிக்க முடியாமல் போனது. கொலராடோ மாநிலம் 2023-ல் விவசாயக் கருவிகளுக்கான பழுதுநீக்கும் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2024 ஜனவரி முதல் அது அமலில் இருக்கிறது. 2025 ஜனவரியில் அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையம் ஜான் டீர் நிறுவனத்தின் மீது, பழுதுபார்ப்புச் செலவை ஏற்றிவிட்டதாகக் குற்றம் சாட்டி வழக்குத் தொடர்ந்தது.

இந்தியாவிலும் நுகர்வோர் துறை 2022-ல் பழுதுநீக்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்து, விவசாயக் கருவிகளையும் பட்டியலில் சேர்த்து இணையதளம் தொடங்கியது. ஸ்கேனரும் பழுதுக் குறியீடுகளும் நியாய விலையில் ஊர் மெக்கானிக்கின் கைக்கு வர வேண்டும் என்று விவசாயச் சங்கங்கள் இப்போதே கேட்க வேண்டும். பைக்கில் வருபவரின் ஐந்நூறு ரூபாயைப் பேரம் பேசும் நேரத்தை இதற்குச் செலவிடலாம்.