மதிப்பெண் வேறு, இடம் வேறு

ஜே.இ.இ. முதன்மைத் தேர்வின் முடிவு வெளியாகும் நாளில், பல வீடுகளில் ஒரே எண் இரு விதமாகப் படிக்கப்படுகிறது. மகன் ‘தொண்ணூறு’ என்கிறான். பெற்றோர் அதை நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் என்று கொள்கின்றனர். விரும்பிய கல்லூரியில் இடமில்லை என்று சில மாதங்களில் தெரியவரும்போது, ‘இன்னும் ஓராண்டு முயன்றால் கிடைத்துவிடும்’ என்ற நம்பிக்கையில் நிரந்தர வைப்பை முன்கூட்டியே முறித்துப் பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டுகின்றனர். அந்த முடிவு சரியாகவும் இருக்கலாம். ஆனால், தவறாகப் படித்த ஓர் எண்ணை நம்பி அதை எடுக்கக் கூடாது என்பதே என் கருத்து.

முதலில் தேர்வின் அமைப்பைப் பார்ப்போம். தேசியத் தேர்வு முகமை 2019 முதல் இத்தேர்வை நடத்தி வருகிறது. தமிழ் உட்பட 13 மொழிகளில் வினாத்தாள் கிடைக்கிறது. ஆண்டுக்கு இரண்டு அமர்வுகள். இரண்டையும் எழுதினால் சிறந்தது கணக்கில் கொள்ளப்படும். பொறியியலுக்கான தாளில் இப்போது கணிதம், இயற்பியல், வேதியியல் ஒவ்வொன்றிலும் 25 வினாக்கள். அவற்றுள் 20 நான்கு விடைகளிலிருந்து ஒன்றைத் தெரிவு செய்பவை, 5 எண்ணாக விடை தர வேண்டியவை. மூன்று மணி நேரம், 300 மதிப்பெண். சரியான விடைக்கு 4 மதிப்பெண் உண்டு. தவறான விடைக்கு 1 கழியும். விடையளிக்காமல் விட்டால் எதுவும் இல்லை.

இந்தக் கழித்தல் விதி பலரை வேண்டாத அளவுக்கு அஞ்ச வைக்கிறது. நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால், நான்கு முறைக்கு ஒரு முறை 4 கிடைக்கும், மூன்று முறை 1 வீதம் போகும். நான்கு வினாக்களுக்கு நிகர வரவு 1 தான். அந்தச் சிறு வரவுக்காகத் துணிவது வீண். ஆனால், நிச்சயமாகத் தவறு என்று இரண்டு விடைகளை விலக்க முடிந்தால், ஒரு வினாவுக்குச் சராசரி வரவு ஒன்றரை மதிப்பெண்ணாக உயர்கிறது. அப்போது துணியாமல் இருப்பதே நட்டம். எண் விடை வினாக்களில் விலக்குவதற்கு எதுவும் இல்லாததால், ஊகிப்பது பெரும்பாலும் இழப்பில்தான் முடியும். முதலீட்டில் இடரையும் வரவையும் எடைபோடும் அதே கணக்குதான் இது.

குழப்பம் மிகுவது முடிவு வெளியாகும் கட்டத்தில். மதிப்பெண் அட்டையில் 300-க்கு இத்தனை என்று இருப்பதில்லை. ‘பெர்சென்டைல்’ எனப்படும் நூற்றுமானமே ஏழு தசம இடங்கள் வரை அச்சாகிறது. தேர்வு பல நாள்களில், காலை, பிற்பகல் என வெவ்வேறு வினாத்தாள்களுடன் நடப்பதால், கடினமான தாள் பெற்றவரையும் எளிய தாள் பெற்றவரையும் நேரடியாக ஒப்பிடுவது நியாயமாகாது. எனவே ஒருவரை அவரோடு அதே வேளையில் எழுதியவர்களுடன் மட்டும் ஒப்பிடுகின்றனர். ஒரு வேளையில் ஒரு லட்சம் பேர் எழுதி, அவர்களில் 90 ஆயிரம் பேர் உங்கள் மகளுக்குச் சமமாகவோ குறைவாகவோ பெற்றிருந்தால் அவளது நூற்றுமானம் 90. இது அவள் எவ்வளவு விடையளித்தாள் என்பதைக் காட்டாது. எங்கே நிற்கிறாள் என்பதையே காட்டும். 300-க்கு 150-ஐ விடக் குறைவான மதிப்பெண்ணுக்கே 90 நூற்றுமானம் கிடைப்பது வழக்கம்.

நிற்கும் இடத்தைத் தர வரிசையாக மாற்றிப் பாருங்கள். அண்மை ஆண்டுகளில் இத்தேர்வை எழுதியோர் 14 லட்சத்துக்கும் மேல். பதினான்கரை லட்சம் என்று கொண்டால், 90 நூற்றுமானம் பெற்றவருக்கு முன்னே ஏறத்தாழ 1,45,000 பேர் உள்ளனர், 99 என்றால் 14,500 பேர், 99.9 என்றால் 1,450 பேர். நாட்டிலுள்ள 31 தேசியத் தொழில்நுட்பக் கழகங்களிலும் சேர்த்து இடங்கள் ஏறத்தாழ 24 ஆயிரம். இட ஒதுக்கீடு, சொந்த மாநிலத்தவருக்கான பாதி இடங்கள் ஆகியவை ஒவ்வொருவரின் வாய்ப்பையும் மாற்றும். எனினும், ‘தொண்ணூறு வாங்கியும் இடமில்லையா?’ என்ற திகைப்புக்கு விடை இங்கே இருக்கிறது.

தமிழகப் பெற்றோருக்கு இந்தத் திகைப்பு சற்றுக் கூடுதல். மாநிலப் பொறியியல் சேர்க்கையில் 2007 முதல் நுழைவுத் தேர்வு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை 200-க்குக் கணக்கிட்டே பழகியிருக்கிறோம். பழகிய அளவுகோலைப் புதிய எண்ணின் மீது வைப்பது இயல்புதான். ஆனால் அது தவறான விடையையே தரும்.

இன்னோர் ஆண்டு தயாராவதா என்பதை முடிவு செய்ய நூற்றுமானம் போதாது. முகமை வெளியிடும் விடைக் குறிப்பையும், மாணவர் குறித்த விடைகளின் பதிவையும் அருகருகே வைத்து எண்ணுங்கள். தவறான ஊகத்தால் போனது எத்தனை, நேரம் போதாமல் விட்டது எத்தனை, பாடமே தெரியாமல் விட்டது எத்தனை? முதல் இரண்டும் பயிற்சியால் திருந்தக்கூடியவை. மூன்றாவது மிகுதியாக இருந்தால், ஓராண்டு உழைப்பு பயன் தரலாம். மாணவருக்கு அந்தப் பாடத்தில் விருப்பம் இருக்கிறதா என்பதையும் அப்போது கேட்க வேண்டும்.

பணக் கணக்கும் உண்டு. பயிற்சி நிலையக் கட்டணத்துக்குப் பொதுவாகக் கல்விக் கடன் கிடைப்பதில்லை. சேமிப்போ, வட்டி கூடிய தனிநபர் கடனோ, நகைக் கடனோதான் வழி. கல்லூரியில் சேர்ந்தவருக்கு நிலைமை வேறு. 2024-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த பிரதமரின் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலிடப்பட்ட தரமான நிறுவனங்களில் தகுதியின் அடிப்படையில் இடம் பெறுவோருக்குப் பிணையும் ஜாமீனும் இன்றிக் கடன் உண்டு. தகுதியுள்ள குடும்பங்களின் ஆண்டு வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால், பத்து லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. கைக்கு எட்டிய நல்ல கல்லூரியைத் துறந்து ஓராண்டைச் செலவிடும் முன், இரண்டு செலவையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்பது நன்று.

முகமையிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கலாம். நூற்றுமானத்தோடு பெற்ற மதிப்பெண்ணையும், அந்த வேளையில் எழுதியோர் எண்ணிக்கையையும் அட்டையிலேயே அச்சிட்டால் என்ன? விடைக் குறிப்பைக் கொண்டு கணக்குப் போடத் தெரிந்த நகரத்துக் குடும்பங்களுக்கு இது பெரிய உதவியாக இராது. வீட்டில் முதல் தலைமுறையாக இத்தேர்வை எழுதும் பிள்ளைக்கு அந்த இரண்டு வரிகள் ஓராண்டையும் பெற்றோரின் சேமிப்பையும் காக்கக்கூடும். அதுவரை, பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும்போதே பள்ளிகள் பெற்றோரை அழைத்து ஒரு மணி நேரம் இதை விளக்கட்டும். முடிவு வந்த பிறகு விளக்குவதைவிட அது பயன் தரும்.